தெருத் தோட்டத்தில் முதலில் மட்குக் குவியல்

குடியிருப்பில் உள்ள சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு காலி மனையில் காய்கறி போடப் போகிறோம் என்றதும், "என்ன செடி வைக்கப் போறீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நாங்கள் செடிக்கு முன்னால், சமையலறைக் கழிவையும் சருகையும் மட்க வைத்து உரமாக்கும் மட்குக் குவியலைத் தொடங்கினோம். இரண்டு பருவம் தாண்டிய நிலையில், தோட்டம் இன்னும் நடப்பதற்கு அந்த வரிசைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். செடி வளர்க்க எல்லோருக்கும் நேரம் இருக்காது, ஆசையும் இருக்காது. காய்கறித் தோல் விழாத சமையலறை மட்டும் அநேகமாகக் கிடையாது. மண்வெட்டியைத் தொடவே மாட்டேன் என்றவர்கள்கூட வாளியோடு வந்தார்கள். அவர்களில் சிலர் மெதுவாகப் பாத்திப் பக்கமும் நகர்ந்தார்கள்.

குவியலுக்கும் முன்னால் ஒரு வேலை இருந்தது. இடத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குவது. நியூயார்க்கில் நடந்ததைப் படித்ததிலிருந்து இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் 'கிரீன் கெரில்லாஸ்' என்ற அவருடைய குழுவும் மன்ஹாட்டனில் குப்பை மேடாகக் கிடந்த ஒரு மூலை மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டே மாநகராட்சியிடம் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அதை முறையாக வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தோட்டம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அதே நகரத்தில் 1999-ல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலம் விட ஏற்பாடு நடந்தது. அறக்கட்டளைகள் பணம் திரட்டி வாங்கியதால்தான் அவை தப்பின. பல வருடம் உழைத்துத் தேற்றிய மண்ணை ஒரே நாளில் விட்டுக்கொடுக்க நேர்வது பெரிய கொடுமை. அதனால் எத்தனை ஆண்டு, தண்ணீர் யார் பொறுப்பு, இடம் திரும்ப வேண்டுமென்றால் எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வேலியைத் திறந்தோம்.

அப்புறம் மண் பரிசோதனை. நகரத்து மண்ணில் கல்லும் செங்கல் துண்டும் கிடப்பது கண்ணுக்குத் தெரியும், பொறுக்கி எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது ஈயம். பழைய கட்டடங்களின் பெயின்ட் உதிர்ந்ததிலிருந்தும், முன்பு ஈயம் கலந்து விற்ற பெட்ரோலின் புகையிலிருந்தும் அது மண்ணில் சேர்ந்திருக்கும். அந்தப் பெட்ரோலின் விற்பனை உலகம் முழுக்க நின்றது 2021-ல்தான். ஈயம் மட்கியும் போகாது, மழையில் எளிதில் கரைந்தும் போகாது. மேல் மண்ணிலேயே தங்கும். மனையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மண் எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எல்லாம் பாதுகாப்பான அளவுக்குள்தான் இருந்தன என்றாலும் சாலையோரத்து மண்ணில் மற்றவற்றைவிட அதிகம். எனவே அந்த ஓரத்தில் கீரையும் கிழங்கும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இலையிலும் வேரிலும் மண் ஒட்டிக்கொண்டு வரும். தக்காளி, அவரை போன்ற காய்களுக்குள் ஈயம் மிகக் குறைவாகத்தான் போகும். மட்கு கலந்து, மண்ணின் கார அமில நிலையை (pH) 6.5-க்கும் 7-க்கும் இடையில் வைத்தால் ஈயத்தைச் செடி உறிஞ்சுவதும் குறையும். மட்கு வேண்டும் என்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

இனி குவியல். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது.

மரப்பலகையில் மூன்று தொட்டிகள் அடித்தோம். ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் எல்லாம் 1 மீட்டர். இதைவிடச் சிறிதாக இருந்தால் உள்ளே பிறக்கும் சூடு தங்காமல் வெளியேறிவிடும். ஒரு தொட்டியில் புதுக் கழிவு, அடுத்ததில் மட்கிக்கொண்டிருப்பது, மூன்றாவதில் ஆறவைத்துப் பதப்படுத்துவது. அடியில் எலி நுழையாதபடி நெருக்கமான கம்பி வலை. சமைத்த உணவு, இறைச்சி, பால் பொருட்கள் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை.

நுண்ணுயிர்களுக்குக் கரியும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) சரியான விகிதத்தில் வேண்டும். எடைக் கணக்கில் 1 பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரி. காய்கறிக் கழிவில் கரி அதைவிடக் குறைவு, காய்ந்த சருகில் அதைவிட இரண்டு மடங்கு வரை இருக்கும். வாளி கொண்டுவருகிறவர்களிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "ஒரு வாளி தோல் போட்டால் மேலே இரண்டு வாளி சருகு" என்று மட்டும் சொல்லி, பக்கத்திலேயே சருகு மூட்டைகளை அடுக்கி வைத்தோம். முன்பு தெருவில் கூட்டி எரித்துக்கொண்டிருந்த சருகுதான் இது. இப்போது மரத்தடி சருகுக்குப் போட்டியே நடக்கிறது. எரிப்பது நின்றதால் புகையும் நின்றது. இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி எந்தக் காயும் இல்லை, இதுதான்.

மரத்தூள் தருகிறேன் என்றும் ஒருவர் முன்வந்தார். மரத்தூளில் கரி தழைச்சத்தைப் போலப் பல நூறு மடங்கு. பச்சையாகப் பாத்தியில் கலந்தால் அதை மட்க வைப்பதற்காக நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். அதனால் நடைபாதையில் பரப்பினோம், குவியலில் கொஞ்சமாகத் தூவினோம்.

குவியலுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியம்மா ஆரம்பத்திலேயே கேட்டார்: "ஏன் தம்பி, ஜன்னல் திறந்தா நாத்தம் வராதா?" நியாயமான கேள்வி. முறையாகப் பார்த்துக்கொண்டால் மழை பெய்த மண்வாசனைதான் வரும். மூக்கைச் சுளிக்க வைக்கும் அம்மோனியா நெடி வந்தால் தழைச்சத்து கூடிவிட்டது, சருகு சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று இல்லை, ஈரமும் அதிகம், உடனே கிளறிவிட வேண்டும். ஈரத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் போதாது. இந்தச் சோதனையை அந்தப் பெரியம்மாவே கற்றுக்கொண்டு, இப்போது என்னைவிடச் சரியாகச் சொல்கிறார்.

நீளமான வெப்பமானியை நடுவில் செருகி, சூடு 55 டிகிரியைத் தாண்டியதைப் பார்த்தபோது சுற்றி நின்ற பிள்ளைகள் நம்பவே இல்லை. நெருப்பும் இல்லை, வெயிலும் விழவில்லை, கையை உள்ளே விட்டால் சுடுகிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சாப்பிட்டு மூச்சுவிடுவதால் வரும் சூடு அது. இந்தச் சூடு சில நாள் தொடர்ந்தால் நோய்க்கிருமிகளும் பெரும்பாலான களை விதைகளும் சாகும். வெளி ஓரத்தில் இருப்பதும் நடுவுக்கு வர வேண்டும் என்பதற்காகவே கிளறுகிறோம். 70 டிகிரியை நெருங்கினால் நல்ல நுண்ணுயிர்களும் மடியத் தொடங்கும், அப்போதும் கிளறி ஆறவிட வேண்டும்.

பாத்திகள் உயர்த்திக் கட்டியவை. அகலம் 1.2 மீட்டர், இரண்டு பக்கமும் நின்று கையெட்டும் தூரம். உள்ளே யாரும் கால் வைக்கத் தேவையில்லை, மண்ணும் இறுகாது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்து எரிபொருளும் ரசாயன உரமும் வருவது அறுந்தபோது, ஹவானா நகர மக்கள் காலி மனைகளில் இப்படித்தான் உயர்த்திய பாத்திகளில் மட்கு நிரப்பிக் காய்கறி விளைவித்தார்கள். தரை மண் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் இந்த முறையின் பலம்.

தண்ணீருக்குக் கருவிக் கொட்டகையின் கூரையே போதும் என்று ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. கணக்கு சுலபம்: 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர், சிந்துவது போக மீதி பீப்பாயில். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிடுகிறோம். பீப்பாயின் வாய்க்குக் கண்டிப்பாகக் கொசுவலை வேண்டும். வெதுவெதுப்பான காலத்தில் கொசு முட்டை ஒரு வாரத்திலேயே பறக்கும் கொசுவாகிவிடும். மண்மேல் ஒரு சாண் சருகு மூடாக்கு போட்ட பிறகு தண்ணீர் ஊற்றும் முறை பாதியாகக் குறைந்தது.

அவரையில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி மொய்த்தபோது மருந்தடிக்கச் சொல்லி நெருக்கினார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பொறிவண்டுகள் வந்தன. அவற்றின் புழுக்களைப் புதுப் பூச்சி என்று நினைத்து நசுக்கப் போனவர்களுக்குப் படம் காட்டி நிறுத்த வேண்டியிருந்தது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்ந்து திரியும் அந்தப் புழுக்கள் அசுவினியை வளர்ந்த வண்டுக்குக் குறையாமல் தின்னும். அறுவடை முடிந்து அவரையைப் பிடுங்கியபோது வேர் முடிச்சுகளைப் பிள்ளைகளுக்கு வெட்டிக் காட்டினோம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தை வேருக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் நன்றாக வேலை செய்திருக்கின்றன என்று அர்த்தம்.

யாருக்கு எவ்வளவு காய் என்பதுதான் பேசத் தயங்கிய விஷயம். இங்கிலாந்தில் டாட்மோர்டன் என்ற சிறு நகரத்தில் 2008-லிருந்து பொது இடங்களில், காவல் நிலையத்துக்கு முன்னால்கூட, காய்கறியும் மூலிகையும் நட்டு யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். நாங்கள் அதில் பாதியை எடுத்துக்கொண்டோம். வேலியோரப் பாத்தியில் விளையும் தக்காளியும் அவரையும் தெருவில் போகும் எவருக்கும். உள்பாத்திகள் வேலை செய்கிறவர்களுக்கு. வாளி கொண்டுவருவதும் வேலையாகவே கணக்கு என்று நான் வாதாடினேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வேலியோரத்தை ஒரே ஆள் காலி செய்துவிடுவார் என்ற பயம் பலருக்கு இருந்தது. இதுவரை அப்படி நடக்கவில்லை. போகிற வழியில் ஒன்றிரண்டு பறித்துக்கொண்டு, களையையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது மூன்றாம் தொட்டி நிறைந்திருக்கிறது, அடுத்த பருவத்துக்கு வெளியிலிருந்து உரம் வாங்கத் தேவையில்லை. தக்காளியிலும் அவரையிலும் விதை எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை என்பதால் ரகம் மாறாது. வீரிய ஒட்டுரகச் செடிகளின் விதையை ஒதுக்கிவிட்டோம், அடுத்த தலைமுறையில் அவை தாய்ச்செடி மாதிரியே வராது. பூசணி வகைகள் தேனீ வழியாக ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், பெண்பூவை முந்தின மாலையே கட்டி வைத்து, காலையில் கையால் மகரந்தம் தடவிப் பார்க்கப் போகிறோம். நான்காவது தொட்டிக்குப் பலகை தேடிக்கொண்டிருக்கிறோம். வாளிகள் அவ்வளவு வருகின்றன.