'அம்மா'வுக்கு எத்தனை தட்டல்?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு டேட்டா என்ட்ரி சென்டர் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி முதலில் கேட்பது, "ஒருத்தர் நாளைக்கு எத்தனை கீ தட்டுறாங்கன்னு எடுக்க முடியுமா?" எடுக்கலாம். ஆனால் எதை எண்ணுகிறோம் என்று முன்பே பேசி வைக்காவிட்டால் சம்பளத் தேதியில் தகராறுதான்.

'அம்மா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அ, ம, ம, ஆ என்று நாலு தட்டல். புள்ளி தானே விழுந்துவிடும். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி, யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குத் தமிழ் தெரியாது. எந்தக் கீ அழுந்தியது, எப்போது விடுபட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அந்தத் தகவல் டெவ் அடைவில், இன்புட் என்பதற்குள், ஈவென்ட்0, ஈவென்ட்1 என்ற பெயர்களில் வந்துகொண்டிருக்கும். 64 பிட் எந்திரத்தில் ஒரு பதிவு 24 பைட்: நேரத்துக்கு 16, வகைக்கு 2, கீ எண்ணுக்கு 2, மதிப்புக்கு 4. வகை 1 என்றால் கீ. மதிப்பு 1 அழுத்தியது, 0 விட்டது, 2 பிடித்துக்கொண்டே இருப்பதால் தானாக வருவது. இந்த 2 கர்னலின் இயல்பில் 250 மில்லிசெகண்ட் கழித்துத் தொடங்கி 33 மில்லிசெகண்டுக்கு ஒன்றாகக் கொட்டும். அதையும் கூட்டினால், பேக்ஸ்பேஸ் மேல் விரலை வைத்துக்கொண்டு டீ குடிப்பவர்தான் அந்த மாதம் முதலிடம்.

மவுஸின் இடது க்ளிக்கும் வகை 1-தான், எண் 272. அதனால் 256-க்குக் கீழே உள்ளதை மட்டும் எண்ண வேண்டும். பார்கோடு ஸ்கேனர் இன்னும் மோசம், கீபோர்டு வேஷத்திலேயே வரும். 13 இலக்கமும் என்டரும் சேர்ந்தால் 84 பதிவு: ஒவ்வொரு கீக்கும் அழுத்த மூன்று (ஸ்கேன் குறி, கீ, முடிவுக் குறி), விட மூன்று. கர்னல் வைத்திருக்கும் இடமோ வழக்கமாக 64 பதிவுக்குத்தான். நொடிக்கு ஒருமுறை எழுந்து படிக்கும் நிரலுக்குக் கணக்கு உதைக்கும். பதிவு வரும்வரை காத்திருந்து உடனே படிப்பதே சரி.

பழைய வட்டப்பின் கீபோர்டில், அது கர்னலைத் தட்டி அழைக்கும் இன்டரப்ட் எண் 1-இன் எண்ணிக்கையைப் பார்த்துச் சரிபார்க்கலாம். சாதாரணக் கீக்கு இரண்டு கூடும், அம்புக்குறிக்கு நாலு. இரண்டால் வகுத்துக் கூலி போடாதீர்கள். யூஎஸ்பி கீபோர்டு இந்த வரிசையில் வரவே வராது.

மழைநாளில் கரண்ட் போய் வந்தால் ஈவென்ட்3 ஈவென்ட்5 ஆகியிருக்கலாம். எண்ணை நம்பாமல், பை-பாத் அடைவில் போர்ட் வாரியாக இருக்கும் பெயரைத் திறக்க வேண்டும்.

இந்தப் பதிவுகளைப் படிக்க, அதற்கு அனுமதி உள்ள 'இன்புட்' என்ற பயனர் குழுவில் ஆபரேட்டரைச் சேர்ப்பது சுலபம்தான். சேர்த்தால் அவர் ஓட்டும் எந்த நிரலும் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் படிக்கும். தனிப் பயனர் பெயரில் ஒரு சின்ன சேவை ஓடட்டும். கீ எண்ணை எழுதாமல் அங்கேயே விட்டுவிட்டு, நிமிடத்துக்கு ஒரு கூட்டுத்தொகையை மட்டும் கோப்பில் எழுதினால் போதும்.