நூறு வெள்ளிப்பணம்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறேன். கூடவே சீட்டும் பிடிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வேத வசனமெல்லாம் வரும். யாரோ ஊழியக்காரம்மா எழுதுகிறார் என்று நினைத்துப் படித்துவிட்டு அப்புறம் ஏமாறக் கூடாது.

என்னுடையது குலுக்கல் சீட்டு. 20 பேர், 20 மாதம், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். பத்தாம் தேதி சாயங்காலம் கடையில் எவர்சில்வர் டப்பாவில் பெயர்களைச் சுருட்டிப் போட்டு, தெருவில் போகிற ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வேன். வந்த பெயருக்கு ஒரு லட்சம். பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் வருடச் சட்டப்படி தப்பு என்று என் மகன் அடிக்கடி சொல்வான். சொல்லிவிட்டு, அடுத்த சீட்டில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்வான். எங்கள் பக்கத்தில் அவசரத்துக்கு இன்னொரு வழி தண்டல். 10,000 என்று பேசி, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நூறு நாள், தினமும் நூறு ரூபாய் வசூல். அதற்கு என் டப்பா தேவலை என்றுதான் எல்லோரும் வருகிறார்கள்.

சீட்டுக்கு ஒரே ஒரு விதிதான். யார் கட்டாமல் போனாலும், சீட்டு பிடிக்கிறவள் கட்ட வேண்டும்.

2023 ஜூனில் ஆரம்பித்த சீட்டில் ஆறாவது குலுக்கல் எங்கள் தெருவில் குடியிருந்த மீன்காரப் பெண்ணுக்கு விழுந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காசிமேடு ஏலத்துக்குப் போய்க் கூடையோடு திரும்புகிறவள். புருஷனுக்கு எண்ணூரில் ஃபைபர் போட்டில் பங்கு. ஐந்து மாதமும் நாள் தவறாமல் கட்டியிருந்தாள். அவள் கொண்டுவரும் 500 ரூபாய் நோட்டுகளில் ஒன்றிரண்டில் மீன் செதில் ஒட்டியிருக்கும். எண்ணும்போது விரலில் வந்துவிடும். நவம்பர் 10-ஆம் தேதி ஆறாவது மாதத்தையும் கட்டிவிட்டு ஒரு லட்சத்தை வாங்கிப் போனாள்.

டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் வந்து படிந்தது. எண்ணூரில் படகு, வலை, கரையோரக் கல், அலையாத்தி வேர் என்று எல்லாம் கறுப்பு. அந்த நாட்களில் சந்தையில் மீனைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, எந்தக் கடல் மீன் என்று கேட்டுக் கீழே வைத்தவர்களை நானே பார்த்தேன். நானும் இரண்டு வாரம் மீன் வாங்கவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி அவள் வரவில்லை. அடுத்த மாசம் சேர்த்துத் தருவாள் என்று என் கைக்காசைப் போட்டேன். ஜனவரியில் போன் சுவிட்ச் ஆஃப். வீட்டைக் காலி செய்துகொண்டு எண்ணூர் போய்விட்டதாக வீட்டுக்காரம்மா சொன்னார். இன்னும் 14 மாதம், 70,000 ரூபாய்.

பொங்கல் கழிந்த வாரம் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு விம்கோ நகர் வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். வழி நெடுக என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை. அவள் வாசலில் உட்கார்ந்து வலையை அறுத்துக்கொண்டிருந்தாள். தார் பூசினதுபோல இருந்த வலையிலிருந்து ஈயக்குண்டுகளையும் மிதவைகளையும் தனியாக வெட்டி, டீசலில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு பக்கெட்டில் போட்டாள். முழங்கை வரை கறுப்பு. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“இதான்கா நம்ம சீட்டுத் துட்டு,” என்று வலையைக் காட்டினாள். “தண்டலை முடிச்சுட்டு மீதிக்குப் புது வலை எடுத்தோம். பத்து நாள்கூட போடல.”

எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் இந்தப் பதிவே பொய்யாகிவிடும். போனை ஏன் அணைத்தாய் என்று கத்தினேன். உன்னை நம்பித்தானே 19 பேரிடம் பேர் கெட நிற்கிறேன் என்று கத்தினேன். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். காதில் இருப்பதைக் கழற்று என்றேன். அரை சவரன் கம்மல். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். அப்புறம் சுவரோரம் இருந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, இரண்டாக ஒடித்து, காதுத் துளை தூர்ந்துவிடாமல் செருகிக்கொண்டாள். செருகிவிட்டு மறுபடி குண்டு அறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

கம்மலை பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். அன்று இரவு எனக்குச் சாதகமாக ஒரு வசனம் தேடினேன். வேதாகமத்தைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற வேலைதான் இது. நீதிமொழிகளில் கிடைக்கவும் செய்தது: அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான். பார், சாலொமோன் ஞானியே சொல்லிவிட்டார் என்று ஒரு திருப்தி. அடகு வாங்குவதைப் பற்றியும் ஏதாவது இருக்கும் என்று உபாகமத்தைப் புரட்டினேன். இருந்தது, 24-ஆம் அதிகாரத்தில். ஏழை கொடுத்த அடகை வைத்துக்கொண்டு தூங்காதே, பொழுது போகும்போது திருப்பிக் கொடுத்துவிடு, அவன் தன் வஸ்திரத்தைப் போட்டுப் படுத்துக்கொண்டு உன்னை ஆசீர்வதிப்பான் என்று. கம்மல் வஸ்திரம் இல்லையே என்று சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

அப்படி 23 நாள் தூங்கினேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்வது என் அம்மா காலத்திலிருந்து வழக்கம். அதில் மன்னிப்பு கேட்கிற இடத்தில், கோயிலில் “குற்றங்களை மன்னியும்” என்போம். தெருக்கோடியில் இருக்கும் கத்தோலிக்கத் தோழி “பாவங்களை” என்பாள். அம்மா மட்டும் மத்தேயுவில் இருக்கிறபடியே சொல்வார்: “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. குற்றம் என்றால் ஏதோ மனஸ்தாபம், சரி போகட்டும் என்று விட்டுவிடலாம். கடனாளி என்று வாய் சொல்லும்போது அந்த 23 நாளும் எனக்கு ஈர்க்குச்சிதான் கண்ணில் தெரிந்தது. இரண்டு நாள் அந்த வரியை முணுமுணுத்து விழுங்கினேன். என் பேத்தி கண்டுபிடித்து, “பாட்டி, ஒரு லைன் விட்டுட்டீங்க” என்றாள்.

கடனைப் பற்றி இயேசு சொன்ன உவமை எல்லோருக்கும் தெரியும். ராஜா ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடனை மன்னிக்கிறார். அவன் வெளியே போய்த் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். இதைப் பற்றி நான் கேட்ட பிரசங்கம் எல்லாவற்றிலும் அந்த நூறு வெள்ளிப்பணம் ஏதோ சில்லறைக் காசு மாதிரிதான் வரும். சீட்டு பிடிக்கிறவளுக்கு அது பொறுக்குமா? காணிக்கைக் கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். திராட்சைத் தோட்ட உவமையில் வேலையாளுக்கு நாள் கூலி ஒரு வெள்ளிப்பணம். அப்படியானால் நூறு என்பது நூறு நாள் கூலி. ஒரு நாளைக்கு 700 ரூபாய் என்று வைத்தால் 70,000. சரியாக என் தொகை! பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆக, அது சில்லறை இல்லை. அந்தக் கடன் கொடுத்தவன் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அவன் வீட்டிலும் அரிசி வாங்க வேண்டும். இதைப் பிரசங்கத்தில் யாராவது ஒத்துக்கொண்டால் என்னைப் போன்றவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்போம். மறுபக்கம், ஒரு தாலந்து என்பது ஆறாயிரம் வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்துக்கு ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள் லீவு போடாமல் வேலை செய்தாலும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடத்துக்கு மேல். என்னிடம் அந்த மாதிரி கணக்கு ஆண்டவருக்கு இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து பாடி வருகிறேன். பாடுவதற்கு ஒன்றும் செலவில்லை.

மறுநாள் காலை கம்மலை ஊக்கு டப்பா ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி எண்ணூர் போனேன். “இதை மாட்டிக்கோ. சீட்டை நான் கட்டிக்கிறேன்,” என்றேன். அவள் குச்சியை உருவினாள். ஒரு காது வீங்கிச் சீழ் கட்டியிருந்தது, அதில் கம்மல் ஏறவில்லை. டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றி, அழுகை எதுவும் கிடையாது. “டீ குடிக்கிறியாக்கா?” என்று மட்டும் கேட்டாள். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், “மன்னிக்கிறது நீ, சரி. கட்டறது யாரு?” என்றார். அவர் ஜெபக்கூட்டத்துக்கெல்லாம் வருகிற ஆள் இல்லை. ஆனால் விஷயத்தைப் பிடித்துவிட்டார். கடன் தானாகக் காற்றில் கரைவதில்லை, யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய அடிமை ஒநேசிமுவுக்காகப் பவுல் சொல்வதும் இதைத்தான்: உம்மிடத்தில் அவன் கடன்பட்டது உண்டானால் “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்.” பக்கா சீட்டுக்காரர் பேச்சு. நம் தமிழ் வேதாகமத்துக்காக வேப்பேரியில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க உழைத்த ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியஸ் ஐயரும் முதுமையில் பண விவகாரத்தில் சிக்கிக் கடனுக்காகச் சிறையில் இருந்தவர்தான். 1772-இல் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தவருக்கு அந்தக் கதி. இதைப் படித்ததிலிருந்து அவர் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்த பாட்டுகளைப் பாடும்போது எனக்கு நெருங்கின சொந்தக்காரர் பாட்டு மாதிரி இருக்கிறது.

கட்டியது இப்படித்தான்: லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு 300 ரூபாய். 5,000 சேர 17 ஜாக்கெட். மாதா மாதம் 17 ஜாக்கெட் அவளுக்காக, 2025 ஜனவரி வரைக்கும். சந்தோஷமாகத் தைத்தேன் என்று சொல்ல மாட்டேன். தீபாவளி நெருக்கத்தில், முதுகு வலியோடு ராத்திரி பதினொரு மணிக்குக் கை தைத்துக்கொண்டிருக்கும்போது அவளை வாய் விட்டுத் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு நூலை மாற்றிப் போடுவேன். அன்பு என்று கொரிந்தியரில் பவுல் எழுதுவது எல்லாம் எனக்கு அந்த வருடம் பெரும்பாலும் காஜா எடுக்கிற, ஊக்கு வைக்கிற வேலையாகத்தான் இருந்தது.

நடுவில் அவள் நாலைந்து தடவை வந்தாள். ஒரு தடவை ஒரு கிலோ நெத்திலி, ஒரு தடவை காரப்பொடி. மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாடு. காசாக எதுவும் தரவில்லை. நெத்திலிக்கு என்ன விலை என்று என் கை தானாக நோட்டில் எழுதப் போனது. பேனாவை எடுத்தேன், வைத்தேன். குழம்பு வைத்துச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது.

இந்த ஜூனில் புதுச் சீட்டு ஆரம்பித்தேன். முதல் நாள் ஆட்கள் எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். இரண்டு காதிலும் கம்மல். மறுபடி காசிமேடு பக்கம் குடிவந்துவிட்டதாகச் சொன்னாள்.

“அக்கா, என் பேரையும் போடுவியா?”

கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. நல்ல சொல். கொடு, கொடுக்காதே என்பதற்கெல்லாம் முன்னால் முகத்தைப் பார்க்கிறது. என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது; எதிரில் கண்ணாடி இருந்தும் நான் பார்க்கவில்லை. கடனை விட்டது விட்டதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் டப்பாவில் இருப்பது என் பணம் மட்டும் இல்லையே, 19 பேர் பணமும்தானே.

“போடறேன். ஆனா உனக்குக் குலுக்கல் கிடையாது. இருபதாவது மாசம், கடைசிச் சீட்டு உனக்கு,” என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். “நீ உஷாருக்கா,” என்று இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். 500 ரூபாய் நோட்டு பத்து. எண்ணும்போது விரலில் ஒரு செதில் வந்தது.