தண்ணி எறங்கியாச்சு

இலங்கை மலையகத்துல, நம்ம மஸ்கெலியா பக்கத்து மவுசாக்கலை டேம்ல தண்ணி நல்லா எறங்கிருச்சு. நேத்து நோர்வுட் பக்கமிருந்து பஸ்ல வரும்போது பார்த்தேன், பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியுது. 1969ல அணை கட்டி முடிச்சப்போ டவுனே தண்ணிக்குள்ள போயிருச்சு. கோயில், பள்ளிவாசல், பன்சலை (புத்த கோயில்) எல்லாந்தான்.

அப்பாயி இருந்தவரைக்கும் ஒவ்வொரு வறட்சிக்கும் என்னைக் கூட்டிட்டுப் போவும். வெடிச்ச சேத்துல செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு நடந்து, படியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, "இந்தா இங்கதான் வெத்தலைக் கடை, அந்தா அங்க சாயத்தண்ணிக் கடை"ன்னு வெறும் தரையைக் காட்டும். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதுக்குத் தெருவே தெரிஞ்சுச்சு.

நேத்து எறங்கிப் போனா, அதே படியில பிளாஸ்டிக் போத்தல், சோறு கட்டுற லன்ச் சீட், ஒரு பேம்பர்ஸ் வேற! சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போற சீசன்ல சனம் வரத்தான் செய்யும். வரட்டும், நம்ம கடைக்காரங்களுக்கும் அதானே பொழப்பு. ஆனா மழை விழுந்தா அத்தனை குப்பையும் டேமுக்குள்ளதான்.

ஞாயித்துக்கெழமை காலையில ஏழு மணிக்கு நாங்க நாலு பேரு உரச்சாக்கோட போறோம். வர்றவங்க கையுறை கொண்டாங்க. பிளேன்டீ என் பொறுப்பு. சீனி மட்டும் யாராவது பாத்துக்கங்கப்பா.