நெல்லைக்கு மறுபடியும்

ஆகஸ்ட் 8, 2025, வெள்ளி

மதுரை பஸ் வேய்ந்தான்குளத்தில் இறக்கிவிட்டது. 1994-ல் சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்தபோது இறங்கியது ஜங்ஷனில். இந்தப் புதிய பஸ் நிலையம் அப்போது கிடையாது.

"எங்க போவணும் அண்ணாச்சி?" என்றார் ஆட்டோக்காரர். டவுனுக்கு, போகிற வழியில் பாளையங்கோட்டைக் கோட்டை வாசலைக் காட்டுங்கள் என்றேன். "மேடை போலீஸ் ஸ்டேஷனைச் சொல்லுதியளா?" அதேதான். கோட்டையின் மேற்கு வாசலில் ஒரு காலத்தில் காவல் நிலையம் இருந்ததால் வந்த பெயர். ஊமைத்துரையை இந்தப் பாளையங்கோட்டையில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரியில் தப்பிவிட்டார். கோட்டையில் மிச்சம் கொஞ்சம்தான். சீக்கிரமே கிளம்பிவிட்டோம்.

கொக்கிரகுளத்தில் ஆட்டோவை அனுப்பிவிட்டு சுலோச்சன முதலியார் பாலத்தில் நடந்தேன். 1843-ல் திறந்த பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த முதலியார் கைக்காசு போட, கேப்டன் ஹார்ஸ்லி கட்டினார், லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில். அந்த வாட்டர்லூ பாலத்தை லண்டன்காரர்கள் 1930-களிலேயே இடித்துவிட்டார்கள்! நம் முதலியார் பாலத்தில் டவுன் பஸ் போகிறது. பிற்பாடு அகலப்படுத்தியதால் மேலே நடக்கிறவனுக்குப் பழசு எதுவும் தெரியாது. ஆற்றுக்குள் இறங்கினால்தான் வளைவுகளைப் பார்க்க முடிகிறது. யாரும் இறங்குவதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் நெல்லையப்பர் கோயில். மணி மண்டபத்து இசைத்தூண்களை அன்று மாமா தட்டிக் காட்டினார். இன்று நான் தட்டவில்லை. எத்தனை தலைமுறைதான் அந்தக் கல் அடி வாங்கும்? தாமிர சபையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். காந்திமதி யானை இல்லை. 1985-ல் கோயிலுக்கு வந்தவள், இந்த ஜனவரியில் போய்விட்டாள். கல்யாணத்தன்று அவளிடம் ஆசி வாங்கிய தங்கைக்கு இப்போது பேத்தி இருக்கிறாள்.

சாயங்காலம் குறுக்குத்துறை. இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில். ஆற்று நீர் வந்து மோதும் பக்கத்துச் சுவரைப் படகின் மூக்கு போலக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போய்விடும். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் சாமான்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குத் தூக்கிவிடுவார்கள். மூலவர் மட்டும் முழுகியிருப்பார். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அப்படித்தான். "வடிஞ்சதும் சேத்த வழிச்சிப் போட்டுட்டு பூசைய ஆரம்பிச்சிருவோம்" என்றார் படித்துறையில் துணி பிழிந்துகொண்டிருந்த பெரியவர், வீட்டு வாசல் தெளிப்பதைச் சொல்வது போல.

வெள்ளம் வராமல் தடுக்கலாம் என்று இதைக் கட்டியவர்கள் நினைக்கவே இல்லை. வரட்டும், போகட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். ஆற்றுப் படுகையில் வீட்டுமனை போடுகிறவர்களை ஒரு நாள் இங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும்.

அல்வா அரைக் கிலோ வாங்கியாயிற்று. விடுதிக்கு வருவதற்குள் பாதி காலி. நாளை கிருஷ்ணாபுரம் சிற்பங்கள். கல்யாண அவசரத்தில் அன்று அங்கே யாரும் கூட்டிப்போகவில்லை.