கணுக்காலில் தொடங்கிய கல்லீரல் சிகிச்சை

2022 ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், மாலை வீடு திரும்பிக் கால் கழுவும்போதுதான் இரண்டு கணுக்கால்களுக்கும் மேலே கடுகை இறைத்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள் பரவியிருப்பதைப் பார்த்தேன். கொசுக்கடித் தடிப்பு என்றால் விரலால் அழுத்தியதும் வெளிறும். இவை நிறம் மாறவில்லை, தடவினால் மணலைப் போலச் சற்று மேடாகத் தட்டுப்பட்டன. ஒரு வாரத்தில் அவை மறைந்து, அந்த இடத்தில் துருக்கறை போன்ற பழுப்பு நிறம் தங்கியது. அதிக நேரம் நின்று பாடம் நடத்திய நாட்களுக்குப் பிறகு அவை மறுபடியும் வந்தன.

முதலில் ஒவ்வாமை என்று மாத்திரை தந்தார்கள். பிறகு விரல் மூட்டுகளில் வலி சேர்ந்துகொண்டது. ரத்தப் பரிசோதனையில் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற காரணி மிக அதிகமாக இருந்ததால், முடக்குவாதம் என்று முடிவு செய்து எட்டு மாதங்கள் அதற்கே மருந்து கொடுத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் உடலில் நெடுநாள் தங்கியிருப்பவர்களுக்கும் அந்தக் காரணி உயரக்கூடும் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் நான் பார்த்த தோல் மருத்துவர்தான், காலைப் பார்த்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா?" என்று கேட்டார். 1995இல் மகள் பிறந்தபோது அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ஏற்றியதைச் சொன்னேன். தானமாகப் பெறும் ரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தியாவில் 2001இல்தான் கட்டாயமாக்கப்பட்டது என்று அவர் விளக்கியபோது, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரவு என் கண்முன் வந்து நின்றது.

காலிலிருந்து எடுத்த சிறு தோல் துணுக்கின் பரிசோதனை, நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழற்சி இருப்பதைக் காட்டியது. அடுத்து கிரையோகுளோபுலின் பரிசோதனை. இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன். வைரஸை எதிர்த்து உடல் ஓயாமல் உற்பத்தி செய்யும் புரதங்களில் சில, குளிர்ச்சி பட்டால் திரண்டு, சூடுபட்டால் கரையும் தன்மை கொண்டவையாக மாறிவிடுகின்றன. கிரையோகுளோபுலின் எனப்படும் அவைதான் சிறு ரத்தக் குழாய்களில் படிந்து புள்ளிகளை உண்டாக்குகின்றன. ஆகவே எடுத்த ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரிக்கும் வரையில் 37 டிகிரி வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும்; இடையில் ஆறிவிட்டால் அந்தப் புரதம் உறைகட்டியோடு சேர்ந்து போய்விடும். நான் முதலில் கொடுத்த ஆய்வகத்தில் குழாயைச் சாதாரணத் தட்டில் வைத்து அரை மணி நேரம் கழித்தே எடுத்துச் சென்றார்கள். முடிவில் 'இல்லை' என்று வந்தது. மருத்துவர் அதை ஏற்காமல் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த இளம்பெண் வெந்நீர் நிரப்பிய பிளாஸ்கைத் தயாராகத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஊசியையே கையில் எடுத்தார். ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைத்திருந்த பிறகு, குழாயின் அடியில் வெள்ளை வண்டலாக அது படிந்திருந்ததை எனக்குக் காட்டினார். என் பதினைந்து மாதக் குழப்பத்துக்கான விடையைக் கண்ணால் பார்த்தபோது, அச்சத்தைவிட நிம்மதியே அதிகமாக இருந்தது.

வைரஸ் இருப்பது உறுதியானதும் அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஃபைப்ரோஸ்கேன் கருவியில் என் கல்லீரலின் இறுக்கம் 7.9 கிலோபாஸ்கல் என்று வந்தது, 12.5ஐத் தாண்டினால்தான் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை என்று கருதுவார்கள் என்றார்கள். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். சி வைரஸை அழிக்கும்போது, உடலில் அடங்கிக் கிடக்கும் பி வைரஸ் தலைதூக்கும் ஆபத்து உண்டாம். கிரையோகுளோபுலின் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும் என்பதால் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் சோதித்தார்கள்.

என்னை உண்மையில் உலுக்கியது மகனைப் பற்றிய கவலைதான். மகள் பிறந்த பிறகே எனக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. மகன் 1998இல் பிறந்தவன். தாயிடமிருந்து குழந்தைக்கு இந்த வைரஸ் செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்கிறார்கள். எண் சிறியதுதான், ஆனாலும் அவனுடைய பரிசோதனை முடிவு வரும் வரையில் இரண்டு இரவுகள் நான் உறங்கவில்லை. அவனுக்கும் என் கணவருக்கும் தொற்று இல்லை. வீட்டில் எனக்கெனத் தனித் தட்டும் தம்ளரும் ஒதுக்கியிருந்ததை அன்றே நிறுத்தச் சொன்னார் மருத்துவர்; ரத்தம் படக்கூடிய பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும் என்றார்.

"மஞ்சள் காமாலைக்குக் கேட்ட மருந்து இது, கண்ணை மூடிக்கொண்டு குடி" என்று என் மாமியார் தினமும் கீழாநெல்லியை மோரில் அரைத்துத் தந்தார். அந்த அன்பை எளிதில் மறுக்க முடியவில்லை. கீழாநெல்லியைப் பற்றிச் சென்னையில் நடந்த ஆய்வு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது உண்மை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அதில் பங்கேற்றார். ஆனால் அந்த ஆய்வு பி வைரஸைப் பற்றியது. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவுமில்லை. "அத்தை, பன்னிரண்டு வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

எனக்குத் தந்தவை சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டாக்ளாடாஸ்விர் 60 மில்லிகிராம். நாளுக்கு ஒவ்வொன்று, 84 நாட்கள். முன்பு இதே நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியை 24 அல்லது 48 வாரங்கள் போட்டுக்கொண்டு காய்ச்சலிலும் மனச்சோர்விலும் வாடியிருக்கிறார்கள். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது சோஃபோஸ்புவிர் மாத்திரை ஒன்றின் விலை 1,000 டாலர். அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கிடைத்திராவிட்டால், என்னைப் போன்ற ஓர் ஆசிரியை அதைக் கனவிலும் வாங்கியிருக்க முடியாது. 1989இல் இந்த வைரஸை அடையாளம் கண்ட ஹௌட்டன், அவருடன் 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆல்ட்டர், ரைஸ் ஆகியோரின் பெயர்களை என் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் தலைவலியும் அசதியும் இருந்தன, விடுப்பு எடுக்கவில்லை. ஆறாவது வாரத்திலிருந்து புதிய புள்ளிகள் வரவில்லை. 2024 ஜனவரியில் மாத்திரைகள் முடிந்தன. அதன்பின் பன்னிரண்டு வாரங்கள் காத்திருந்து ஏப்ரலில் செய்த பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தது. அப்போதுதான் குணமானதாகக் கணக்கு.

இருப்பினும் வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கிய புரதத்தைத் தேடும் ஆன்டிபாடி பரிசோதனை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவ் என்றே காட்டும். சென்ற ஆண்டு பல் பிடுங்கச் சென்ற இடத்தில் என் தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டு, வேறு நாளில் வரச் சொன்னார்கள். ஏப்ரல் மாத அறிக்கையைக் காட்டி, இது பழைய தொற்றின் தடயம் மட்டுமே, ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று எடுத்துச் சொன்ன பிறகு அன்றே பிடுங்கினார்கள். கிரையோகுளோபுலின் இன்னும் சிறிதளவு இருப்பதால், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சென்று வருகிறேன். கைப்பையில் அந்த அறிக்கையின் நகல் எப்போதும் இருக்கிறது.