ராபன் மாதிரி வெட்டணும்னா

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கால்பந்து மைதானங்களில் இடது கால்காரன் ஒருத்தன் கிடைத்தால் போதும், அவனை வலது விங்கில், அதாவது வலது ஓரத்தில், நிறுத்திவிட்டு “ராபன் மாதிரி உள்ளே வெட்டி அடிடா” என்று வெளியிலிருந்து கத்துவார்கள். அவனும் ஓரத்திலிருந்து கோல் பக்கம் சட்டென்று வெட்டித் திரும்புவான், அடிப்பான். பந்து எதிரணியில் அந்த ஓரத்தைக் காக்கும் லெஃப்ட் பேக்கின் முட்டியில் பட்டுத் திரும்பி வரும். ராபன் எங்கே வெட்டினார் என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எப்போது வெட்டினார் என்பதைப் பார்க்கத் தவறியதால் வரும் கோளாறு இது.

ஆர்யன் ராபன் 1984-இல் நெதர்லாந்தின் வடக்கே பேடம் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். குரோனிங்கன், பிஎஸ்வி, செல்சி, ரியல் மாட்ரிட் என்று சுற்றி 2009 ஆகஸ்டில் பயர்ன் மியூனிக்குக்கு வந்தார். பிஎஸ்வியிலும் செல்சியிலும் பெரும்பாலும் இடது பக்கம்தான் ஆடினார். பயர்னில் அந்த இடத்தில் ஏற்கெனவே ரிபெரி இருந்ததால் வலது பக்கம் இவருக்கு நிலைத்தது. வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி 2 கோல். இரண்டுக்கும் பாஸ் கொடுத்தவர் ரிபெரியேதான்! பத்து சீசனில் அந்த அணிக்கு 309 ஆட்டம், 144 கோல். ஓரத்தில் ஆடும் விங்கருக்கு இது, கோல் போடுவதே வேலையான ஸ்ட்ரைக்கரின் கணக்கு.

இனி அந்த வெட்டு. கோட்டோரம் பந்தை வாங்கியதும் நேரே டிஃபெண்டரை நோக்கித்தான் வருவார். இடது கால் முன்னே வரும் ஒவ்வொரு தடவையும் பந்துக்கு ஒரு சின்னத் தட்டு. பந்து காலெட்டும் தூரத்திலேயே இருப்பதால் எந்த எட்டிலும் திசையை மாற்றலாம். பத்தடி முன்னால் தள்ளிவிட்டுத் துரத்துகிறவன் பந்தை எட்டிப் பிடித்த பிறகுதான் திரும்ப முடியும். அதற்குள் டிஃபெண்டரும் திரும்பியிருப்பான்.

அடுத்து, பந்தைவிட டிஃபெண்டரின் காலைப் பார்க்க வேண்டும். பின்வாங்கும் லெஃப்ட் பேக் கோட்டுப் பக்கம் இருக்கும் தன் இடது காலைத் தூக்கி வைக்கிற நொடியில் உடம்பின் எடை முழுக்க அந்தப் பக்கம் போகிறது. அப்போது உள்ளே வெட்டினால், அவன் அந்தக் காலை ஊன்றி நின்று, எடையைத் திருப்பி, அப்புறம்தான் வர முடியும். அரை எட்டு லாபம். ராபனுக்கு அது தாராளம்.

உள்ளேதான் வருவார் என்று தெரிந்தும் டிஃபெண்டர் ஏன் கோட்டுப் பக்கம் சாய்கிறான்? ராபனுக்கு வெளியே, கோட்டோரமாக, பயர்னின் ரைட் பேக் பிலிப் லாம் ஓடிவருகிறார். அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பந்து அங்கே போய்விடும். அணிக்கு ஏழு பேர் ஆடும் நம்ம செவன்ஸ் ஆட்டத்தில் விங்கருக்கு வெளியே யாருமே ஓடுவதில்லை. அப்புறம் எதற்கு எதிராளி கோட்டுப் பக்கம் சாயப் போகிறான்? திட்டு மட்டும் விங்கருக்கு.

தூரத்தையும் பாருங்கள். முழு மைதானத்தில், கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பாக்ஸின் வலது மூலையிலிருந்து தூரத்துப் போஸ்ட் ஏறக்குறைய 29 மீட்டர். பாக்ஸ் கோட்டை ஒட்டியே 8 மீட்டர் உள்ளே போனால் அது 23 ஆகிறது. ராபன் வெட்டியதும் அடிப்பதில்லை. குறுக்கே ஓடி, இரண்டு டிஃபெண்டருக்கு நடுவே சந்து தெரியும்வரை பந்தைத் தட்டிக்கொண்டே போவார். நம்ம பசங்க மூலையிலேயே அவசரப்படுகிறார்கள்.

அடிக்கும்போது வலது காலைப் பந்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி ஊன்ற வேண்டும். இடது கட்டைவிரலின் அடி எலும்பு, பந்தின் இடது பாதியில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே பட வேண்டும். தூரத்துப் போஸ்டுக்கு வெளியே போவது போலக் கிளம்பி, கடைசியில் உள்ளே வளையும். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து பாருக்கு மேலே போகும்.

இங்கே சிக்கல் தரைதான். காய்ந்து இறுகிய செம்மண், மேலே பொடிச் சரளை. ஊன்றும் கால் வழுக்கும். கடைசி எட்டைக் குட்டையாக வைத்தால் பாதி சரியாகிவிடும். ஷூவின் அடியில் இருக்கும் குமிழ், அதாவது ஸ்டட், நீளமாக இருந்தால் இந்தத் தரையில் இறங்காது. குட்டை ரப்பர் ஸ்டட் நிறைய இருக்கும் டர்ஃப் ஷூ தேவலை. பந்தில் காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம் என்கிறது விதி. கல் மாதிரி அடித்து வைத்த பந்து இந்தத் தரையில் ஒவ்வொரு தட்டுக்கும் எகிறும். 9 போதும். பயிற்சிக்கு 10 மீட்டரை அளந்து, இடது காலால் மட்டும் குறைந்தது 5 தட்டில் கடக்கச் சொல்லுங்கள். வேகம் பிறகு வரட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய மிகப் பெரிய கோலில் இந்த வெட்டு கிடையாது. ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கின் 2012 இறுதியில் அவர் அடித்த கூடுதல் நேரப் பெனால்டியை செல்சி கீப்பர் செக் பிடித்தார், கோப்பை செல்சிக்குப் போனது. மறு வருட இறுதியில், வெம்ப்ளியில் டோர்ட்மண்டுக்கு எதிராக 89-வது நிமிடம், ரிபெரி தட்டிவிட்டதை நடுவழியாக எடுத்துக்கொண்டு போய், கீப்பரைத் தாண்டி மெல்ல உருட்டிவிட்டார். 2-1.

நெதர்லாந்துக்கு 96 ஆட்டம், 37 கோல். 2010 உலகக் கோப்பை இறுதியில் தனியாகப் போய் அடித்ததை ஸ்பெயின் கீப்பர் கசியாஸ் காலை நீட்டித் தடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசி ஆட்டம் 2017 அக்டோபரில் சுவீடனுக்கு எதிராக. 2-0, இரண்டும் இவர் போட்டது. ஆனாலும் அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை.

எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும், தொடையின் பின்தசை ஒத்துழைத்திருந்தால். 2010 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு, ஹங்கேரியுடன் ஆடிய நட்பு ஆட்டத்தில் அதுதான் போனது. முதல் இரண்டு ஆட்டம் இல்லை. முழு வேகத்தில் ஓடி, பிரேக் போட்டு, திரும்பவும் ஓடுகிற ஆட்டத்தில் அடி வாங்குவது இந்தத் தசைதான்.

அதற்கு ஃபிஃபாவின் வார்ம்-அப்பிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. முட்டிபோட்டு நில்லுங்கள், கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலிருந்து தலைவரை ஒரே நேராக வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்காதபோது கையை ஊன்றலாம். இடுப்பில் மடங்கினால் பலன் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 3 முதல் 5 தடவை, பழகியபின் 7 முதல் 10. செம்மண்ணில் முட்டி தேயும், சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும், அதனால் மேட்சுக்கு முந்தின நாள் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.