படிப்பகச் சுவரில் மாட்டிய பட்டியல்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்துக்கு வெள்ளையடித்து முடித்ததும், நம்ம பகுதி எம்.எல்.ஏ.க்கள் பெயரை வரிசையாக எழுதி மாட்டலாமே என்று அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கேட்டார். மிண்ட் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் ஐயா என்றேன். ஐந்து மாதம் பிடித்தது.

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் இருந்து தொடங்கினேன். பொதுத்தேர்தலுக்கு ஒன்று வீதம் இருக்கிறது. அதை மட்டும் பார்த்து எழுதினால் ஆர்.கே.நகருக்கு 2011 வெற்றிவேல், 2016 ஜெயலலிதா, 2021 எபினேசர், அவ்வளவுதான். இங்கே குடியிருக்கும் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 2015 மே மாதம் வெற்றிவேல் பதவி விலகி, ஜூன் 27 இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்றார். 2016இல் மறுபடி வென்றவர் டிசம்பர் 5 அன்று காலமானார். அடுத்த ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தல் பணப்பட்டுவாடா புகாரால் ரத்தானது. 2017 டிசம்பர் 21 வாக்குப்பதிவு, 24 முடிவு. சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி.தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, 29ஆம் தேதி பதவியேற்றார். அதுவரை, ஒரு வருடத்துக்கு மேல், எங்கள் தொகுதிக்கு உறுப்பினரே இல்லை.

பொதுத்தேர்தலில் வென்றவர் பட்டியல் வேறு, சபையில் இருந்தவர் பட்டியல் வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. போட்ட கட்டங்களை அழித்துவிட்டு, எப்போது வந்தார், எப்போது போனார், ஏன் போனார் என்று புதிதாகப் போட்டேன். அதே வெற்றிவேல் 2016இல் பெரம்பூரில் வென்றார். 2017 செப்டம்பர் 18 அன்று, தினகரன் பக்கம் நின்றதால் தகுதி நீக்கப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் அவரும் ஒருவர். 2019 இடைத்தேர்தலில் ஆர்.டி.சேகர் வந்தார். ‘ஏன் போனார்’ என்ற கட்டம் இல்லாவிட்டால் இதில் எதுவுமே விளங்காது.

அப்புறம் பெயர்கள். அறிக்கையில் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. அதைத் தமிழில் எழுதும்போது சர்குணமா, சற்குணமா? ஒரு பட்டியலில் எஸ்.பி.சற்குணம், இன்னொன்றில் சற்குண பாண்டியன். முதலில் இரண்டு பேர் என்றே நினைத்து, இருவரையும் ஆண் என்று குறித்துவிட்டேன். “அம்மா அவங்க, தம்பி. மந்திரியா இருந்தாங்க” என்று பெரியவர் என் பென்சிலை வாங்கித் திருத்தினார். 1989, 1996 இரண்டு முறையும் ஆர்.கே.நகரில் வென்றவர் அவர்தான். இந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தது. வேறு எங்கேயாவது உட்கார்ந்து யாராவது அச்சடித்திருந்தால் அந்தத் தப்பு அப்படியே நின்றிருக்கும்.

பெரிய சண்டை 1957ஆம் வருட வரியில்தான் வந்தது. அப்போது பெரம்பூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க 167 தொகுதிகள், 205 இடங்கள். பெரம்பூரில் பக்கிரிசாமி பிள்ளை, சத்தியவாணி முத்து என்று இரண்டு பெயர். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்று கட்டம் போட்டிருந்த நான் வரியைப் பிளக்க வேண்டியிருந்தது. அதைவிட, அம்மையார் பெயருக்கு நேரே ‘சுயேச்சை’ என்று எழுதியதும் பெரியவர் முகம் சிவந்துவிட்டது. “யார்கிட்ட சொல்ற? அவங்க கழகத்து ஆளு.”

அவர் சொன்னதும் சரி, ஆவணமும் சரி. தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்றது 1957இல்; ஆணையத்தின் அங்கீகாரம் கிடைத்தது 1958இல். அதனால் குளித்தலையில் வென்ற கருணாநிதி, காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணா எல்லாருமே அன்றைய பதிவில் சுயேச்சைகள்தான். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எழுதியதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதற்காக நடந்ததை மறைக்கவும் முடியாது. ‘சுயேச்சை’ என்று எழுதி, அடியில் சிறிய எழுத்தில் ‘தி.மு.க. சார்பில் நின்றவர், கட்சிக்கு அங்கீகாரம் 1958’ என்று சேர்த்தேன். பெரியவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “கீழே இருக்கறத கொஞ்சம் பெருசா போடு” என்றார். போட்டேன்.

தொகுதிப் பெயர் இன்னொரு தலைவலி. ஆர்.கே.நகர் என்ற தொகுதியே 1977இல்தான் வந்தது. அதற்கு முன்னால் வண்ணாரப்பேட்டை, பேசின்பிரிட்ஜ் என்று தொகுதிகள் இருந்தன. 2011 தேர்தலில் புரசைவாக்கம் காணாமல் போய், கொளத்தூரும் திரு.வி.க.நகரும் வந்தன, அதுவரை தனித்தொகுதியாக இருந்த பெரம்பூர் பொதுத்தொகுதி ஆனது. பழைய தொகுதிகளைப் புதிய பெயருக்குக் கீழே திணிக்காமல் தனித்தனித் தாளாகவே விட்டேன்.

கடைசியாக ஒட்டியது திருவொற்றியூர். கே.பி.பி.சாமி 2020 பிப்ரவரி 27 அன்று காலமானார். 2021 பொதுத்தேர்தல் வரை இடைத்தேர்தல் நடக்கவில்லை. அந்த வரியில் இடம் வெறுமையாக இருந்தது. அச்சுப் பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று ‘காலி’ என எழுதி, இரண்டு பக்கமும் தேதி போட்டேன். பெரியவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினேன்.